மாலையில் மன்னார்

இத்தாலி நாட்டுப் பழம்பெரும் நகரங்களில் இனியதொரு வழக்கம் உண்டு. வெயில் தாழ்ந்து, கல் பதித்த தெருக்களில் நிழல் நீளும் வேளையில், ஊரார் வீட்டைவிட்டு வெளியே வந்து ஆறுதலாக உலாவுவர். லூக்கா என்னும் ஊரில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் சுற்றளவுள்ள பழைய கோட்டை மதிலின் மேலேயே மரநிழலில் உலாவுவர். வெளியூரார் வந்தால், ஊரறிந்த ஒருவர் முன்னே நடந்து, இன்ன கோபுரம் இன்ன காலத்தது, இன்ன வாயிலால் இன்னார் வந்தார் என்று சொல்லிக்கொண்டு செல்வார். பகலில் வெறும் கல்லாகத் தோன்றுவது மாலையில் கதையாகிவிடுகின்றது.

அத்தகைய உலாவுக்கு ஏற்ற ஊர் நம் நாட்டில் உண்டோ என்று கேட்பார்க்கு மன்னாரைக் காட்டலாம். வெளியூரார் பலர் மன்னாரை ஓர் இடைவழியாகவே எண்ணுகின்றனர். மடுவுக்குப் போகின்றவர் மடுவோடு திரும்புகின்றனர். திருக்கேதீச்சரம் போகின்றவர் பாலாவியில் நீராடி, பெருமானை வணங்கித் திரும்புகின்றனர். தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வருவோருள்ளும் கருவாடு வாங்கியதும் பேருந்துக்கு ஓடுவோரே மிகுதி. ஊர் என்று ஒன்று அங்கே இருப்பதைக் காண ஒரு மாலைப்பொழுது வேண்டும். உடன் நடக்க ஒருவரும் வேண்டும்.

அண்மையில் ஒரு பங்குனி மாலையில் மாத்தளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை மாணவர் பன்னிருவருக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அவர்களை அழைத்து வந்த ஆசிரியருக்குத் தூரத்துப் பழக்கமான முதியவர் அவர். இளமையில் தலைமன்னார் இறங்குதுறையில் எழுதுவினைஞராக இருந்தவர். கையில் குடை, தோளில் துவாய், காலில் தேய்ந்த செருப்பு. வழிகாட்டிக்குரிய வேறு அடையாளம் ஒன்றும் அவரிடம் இல்லை.

தாம்போதியின் தீவுப்பக்க முனையில் அவர் காத்து நின்றார். பிள்ளைகள் பேருந்தைவிட்டு இறங்கியதும், கோட்டையைக் காட்டாமல், வந்த வழியைத் திரும்பிப் பார்க்கச் சொன்னார்.

"முதலில இதைப் பாருங்கோ பிள்ளையள். கோட்டை எங்கேயும் ஓடாது."

இருபுறமும் ஆழமற்ற நீர். அதன் நடுவே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளும் பாதை. தொலைவில், நீர் கணுக்கால் அளவே உள்ள இடத்தில், பூநாரைகள் வரிசையாக நின்று தலைகீழாக இரை தேடின. 1990இல் போரின்போது பழைய பாலம் தகர்க்கப்பட்டமையும், யப்பானிய உதவியுடன் கட்டப்பட்ட புதிய பாலம் 2010இல் திறக்கப்பட்டமையும் முதியவர் சுருக்கமாகச் சொன்னார். பாலம் இல்லாத காலத்து இடர்களை விரித்துரைக்க அவருக்கு மனமில்லை போலும்.

கோட்டை அருகிலேயே இருக்கின்றது. சதுர வடிவம், நான்கு மூலையிலும் நான்கு கொத்தளம், சுற்றிலும் அகழி. 1560இல் கோவாவிலிருந்து கப்பற்படையுடன் வந்த போர்த்துக்கேய இராசப்பிரதிநிதி கொன்சுதந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாண அரசின்மேற் படையெடுத்தார். யாழ்ப்பாணத்தில் நிலைகொள்ள இயலவில்லை. மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை எழுப்பினார். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. அவர்கள் அதனைப் புதுக்கி 1696இல் முடித்தனர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர், கோட்டை பணிந்தது. மூன்று கொடிகளையும் கண்ட மதில் இன்று ஒரு கொடியும் இன்றி நிற்கின்றது. உள்ளே கூரை இழந்த தேவாலயச் சுவர்கள். வெடிப்புகளில் வேரூன்றிய செடிகள். பகலெல்லாம் உண்ட சூட்டை மாலையில் மெல்ல உமிழும் கற்கள்.

அக்கற்களைப் பற்றி ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத் திருக்கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, அக்கல்லைக் கொண்டே இக்கோட்டையைக் கட்டினர் என்பது அது. பிள்ளைகளுள் ஒருவன் உடனே ஒரு கல்லைத் தடவிப் பார்த்தான். முதியவர் தடுக்கவில்லை. "அப்படித்தான் சொல்லுவினம் தம்பி. இந்தக் கல்லுதான் அந்தக் கல்லு என்று நான் சொல்லமாட்டன்" என்றார். வழிகாட்டிகள் பலரிடம் காணக்கிடையாத பண்பு இது. கேட்பவர் வியந்து நோக்கும்போது கதையை ஒரு முழம் நீட்டாமல் நிறுத்துவது எளிதன்று.

எனினும் கோயில் அழிந்ததும், அங்கிருந்த துறைமுகம் அதற்கு முன்னரே மணலிற் புதைந்ததும் மெய். மன்னாருக்கு நேர் எதிரே பெருநிலத்தில் உள்ள மாந்தையே பழைய மாதோட்டம்; சிங்கள, பாளி நூல்கள் மகாதித்த என்று குறிக்கும் பெருந்துறை. 1980ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் யோன் காசுவெல் என்னும் ஆய்வாளர் தலைமையில் அங்கே அகழ்ந்தபோது சீனத்து மட்கலங்களும் பாரசீகத்து மட்கலங்களும் ஒரே மண்ணில் வெளிப்பட்டன. சோழர் ஆட்சியில் அவ்வூர் இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. தாழி குமரன் என்னும் அதிகாரி இராசராச ஈச்சரம் என்றொரு கோயிலை அங்கே எடுப்பித்ததைக் கல்வெட்டு உரைக்கின்றது. ஆறுமுக நாவலர் 1872இல் எழுப்பிய குரலே காடாய்க் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீண்டும் சைவ மக்களின் நினைவுக்குக் கொண்டுவந்தது. கொத்தளத்தின்மேல் ஏறி நின்ற பிள்ளைகளுக்கு முதியவர் குடையை நீட்டித் திசையை மட்டும் காட்டினார். அங்கே தெரிந்தவை பனைகளே.

கோட்டை வாயிலில் நின்று அவர் சொன்ன இன்னொரு செய்தி பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் சிறைப்பட்ட இரொபேட்டு நொக்சு என்னும் ஆங்கில இளைஞர் பத்தொன்பது ஆண்டுகள் மலைநாட்டிலே கழித்தார். பின்னர்த் தோழர் ஒருவருடன் தப்பி, அருவியாற்றங்கரைக் காட்டு வழியே நடந்து, 1679இல் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். அங்கிருந்து மன்னாருக்கு அழைத்து வரப்பட்டார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல் மலைநாட்டு வாழ்வை ஐரோப்பாவுக்கு அறிவித்தது. அரசர்களின் ஆண்டுகளைக் கேட்டுக் கொட்டாவி விட்ட ஒரு சிறுமி, காட்டு வழியே நடந்து வந்த கைதியின் கதையைக் கேட்டதும் நிமிர்ந்தாள்.

"நாங்க வந்த பக்கத்துல இருந்துதான் அவரும் வந்தாரா ஐயா?"

"ஓம் பிள்ளை. அவர் மலையிலிருந்து கடலுக்கு நடந்தவர். உங்கட முன்னோர் கடலிலிருந்து மலைக்கு நடந்தவை."

பிள்ளைகள் வாய்மூடினர். அவர்களுக்கு அது முற்றும் புதிய செய்தி அன்று. பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பர். ஆனால் அந்தக் கடல் கண்முன்னே கிடந்தது இப்போதுதான்.

கோப்பித் தோட்டங்கள் பெருகிய 19ஆம் நூற்றாண்டிலே, தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து வந்த மக்கள் இராமேசுவரக் கரையில் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை கால்நடை. நீரற்ற காடு, காய்ச்சல், பேதி. வழியில் வீழ்ந்தோர்க்கு நடுகல்லும் இல்லை, பெயர்ப்பதிவும் இல்லை. எத்துணைப்பேர் மாண்டனர் என்பதில் ஆய்வாளர் உடன்படவில்லை. பல்லாயிரவர் என்பதில் ஐயமில்லை. பின்னர் 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பலும் இருபுறமும் புகையிரதமும் இணைந்தபோது நடை ஓய்ந்தது. 1964 மார்கழியில் வீசிய பெரும்புயல் தனுக்கோடியை அழித்தது. அதன்பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து வந்தது.

முதியவர் இறங்குதுறையில் வேலை பார்த்த காலத்தில் கப்பல் மறுதிசையிலேயே நிறைந்து சென்றது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இலால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கை, மலையக மக்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பதென்றும் வகுத்தது. தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்கள், காணாத ஊருக்குத் "திரும்பிப் போக", தலைமன்னாரில் வந்து வரிசையில் நின்றனர்.

"அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு கிழவியை இப்பவும் மறக்கேல்லை. அங்கே அம்மி கிடைக்காதோ ஆச்சி என்று கேட்டன். அது என்ர அம்மாவின்ர அம்மி என்றா. கப்பலில ஏத்திவிட்டம்."

அவ்வளவே சொன்னார். 1984இல் போர்ச் சூழலில் கப்பற் போக்குவரத்து நின்றது. 1990இல் புகையிரதமும் நின்றது. தண்டவாளம் மீண்டும் தலைமன்னார் வரை வந்தது 2015இல், கப்பல் வரவில்லை. 2023 ஆடியிறுதியில், மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் கால்நடையாகச் சென்றனர். அந்நடையில் தம் தோட்டத்து அக்காமார் இருவர் கலந்துகொண்டனர் என்று ஒரு மாணவன் பெருமையோடு கூறினான். முதியவர் அவன் தோளில் கை வைத்தபடி நகரை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நகர் சிறியது. கடைத்தெருவில் மாலைக் கூட்டம். சோடாக் கடைகள், துணிக்கடைகள், வலையும் மிதவையும் தூக்கிய கடைகள். இடையிடையே, யாருக்கும் அஞ்சாமல் நடுத்தெருவில் நிற்கும் கழுதைகள். அராபிய வணிகர் கொண்டுவந்த கழுதைகளின் வழித்தோன்றல்கள் என்று ஊரார் கூறுவர். ஒருகாலத்தில் பொதி சுமந்தவை. பாரவண்டி வந்தபின் வேலை இழந்தவை. மூன்று சக்கர வண்டி ஒன்று ஊதிக்கொண்டே நிற்க, கழுதையொன்று பழத்தோலை ஆறுதலாகத் தின்று முடித்தபின் வழிவிட்டது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்தனர்.

நகரின் முகப்பில் ஓரிடத்தில் மட்டும் முதியவர் குரலைத் தாழ்த்தினார். 2018இல் சதொச நிறுவனத்துக்குக் கட்டடம் எழுப்ப அங்கே நிலத்தைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் அகழ, முந்நூறுக்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. சிறுவர்களுடையனவும் அவற்றுள் இருந்தன. மாதிரிகள் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டன. அவை பல நூற்றாண்டுகள் பழையவை, போர்த்துக்கேயர் காலத்தை ஒட்டியவை, என்று 2019இல் அறிக்கை வந்தது. போரிலே மக்களை இழந்து தேடுவோர் அவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளவில்லை. "இவை எந்தக் காலத்து எலும்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை" என்று முதியவர் முன்னரே ஆசிரியரிடம் சொல்லியிருந்தார். பிள்ளைகளிடம், ஒரு நிமிடம் நில்லுங்கள் என்றார், நின்றனர்.

வரலாறு என்பது மன்னாரில் இவ்வளவு மேலாகக் கிடக்கின்றது. கட்டடத்துக்கு அத்திவாரம் வெட்டினாலும் தட்டுப்படுகின்றது. 1544இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, புதிதாகக் கிறித்துவ மதம் தழுவிய ஏறத்தாழ அறுநூறு பேரை இத்தீவிலே கொல்வித்தான். அவர்களை வேதசாட்சிகளாகப் போற்றும் ஆலயம் தோட்டவெளியில் உள்ளது. தமிழ் அச்சுக்கு முன்னோடியான அன்றீக்கு அடிகளார், 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறுவதற்கு முன்னர், சிலகாலம் மன்னாரிலே பணியாற்றினார். முதன்முதல் அச்சேறிய தமிழுக்கு மன்னார்க் காற்றும் பட்டிருக்கின்றது என்றால் மிகையாகாது.

புனித செபத்தியார் பேராலயத்தின் மணி ஒலித்தது. சற்று நேரத்தில் பள்ளிவாசலிலிருந்து மஃரிபு பாங்கு எழுந்தது. இரண்டு ஒலியும் ஒரே தெருவிலே கேட்பது இன்று இயல்பாகத் தோன்றலாம். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்கள் உடுத்த உடையோடு வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. திரும்பி வந்தோர் உளர், வாராதோரும் பலர். தேநீர்க்கடை ஒன்றில் பிள்ளைகளுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்த முதியவரைக் கடைக்காரர் "அண்ணை" என்றழைத்துக் காசு வாங்க மறுத்தார். இருவரும் ஒரே பாடசாலையிற் படித்தவர்கள் என்று பின்னர்த் தெரிந்தது. இடையில் இருபது ஆண்டுகள் ஒருவரையொருவர் காணவில்லை.

தேநீர் அருந்தும்போது முத்துப்பற்றிப் பேச்சு எழுந்தது. மன்னார் என்றதும் உலகம் நினைப்பது முத்தை அன்றோ? வெனிசு நகரத்து மார்க்கோ போலோ 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல்வழியே சென்று இங்குள்ள முத்துக்குளிப்பை எழுதினார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறா கடியாதபடி மந்திரத்தால் கட்டுபவர்க்கு இருபதில் ஒரு பங்கு. அம்மந்திரம் பகலுக்கு மட்டுமே. இரவில் அவிழ்த்துவிடுவராம், திருட்டுத்தனமாக யாரும் மூழ்காதிருக்க! காவலாளியின் வேலையையும் சுறாவிடமே ஒப்படைத்த சூழ்ச்சி இது. இவர்களைத் தமிழில் கடல்கட்டி என்பர். ஆங்கிலேயர் காலத்திலும் இவர்கள் இருந்தனர்.

ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக்கு நோர்த்து, முத்துக்குளிப்பைக் கண்காணிக்க அரிப்புக் கடற்கரையில் 1801க்கும் 1804க்கும் இடையே ஒரு மாளிகை கட்டினார். தோரிக்கு மாளிகை எனப்படும் அது இப்போது கடலரிப்பால் துண்டுதுண்டாக வீழ்ந்துவருகின்றது. 1905இல் மறிச்சுக்கட்டிப் பாளையத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அடுத்த ஆண்டே பாரை முழுவதையும் ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தது அரசாங்கம். சில ஆண்டுகளில் சிப்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை. காலிலே கல்லைக் கட்டி, மூச்சை அடக்கி மூழ்கியவனுக்குக் கிடைத்தது சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. அவனைப் பற்றி ஒரு பிரெஞ்சு இசை நாடகம் உண்டு. 1863இல் பிசே இயற்றியது. ஐரோப்பிய அரங்குகளில் இன்றும் பாடப்படுகின்றது. பாடுவோர் பலர் மன்னாரைக் கண்டிரார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பள்ளிமுனைக்கு நடை. அங்கேதான் பெருக்கமரம் நிற்கின்றது. ஆபிரிக்கக் கண்டத்துக்குரிய அம்மரம் மன்னாரில் பல இடங்களில் உண்டு. பள்ளிமுனையில் உள்ளது யாவற்றிலும் பருத்தது. அடிமரச் சுற்றளவு 19.5 மீற்றர், உயரமோ 7.5 மீற்றர் அளவே. வானுக்கு வளர மறந்து பக்கத்துக்கு வளர்ந்த மரம். எழுநூறு ஆண்டு வயதென்றும், அராபியர் நட்டதென்றும் கூறுவர். ஒட்டகத்துக்குத் தீனியாக இலையைக் கொண்டுவந்தனர் என்று சொல்வாரும் உண்டு. முதியவர் இங்கும் தம் வழக்கப்படி, "சொல்லுவினம்" என்ற சொல்லோடு நிறுத்திக்கொண்டார்.

பன்னிரண்டு பிள்ளைகளும் கைகோத்து மரத்தைச் சுற்றி நின்றனர். கைகள் எட்டவில்லை. ஆசிரியர் சேர்ந்தார், இன்னும் இடைவெளி. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, "இது எல்லாரும் செய்யிறதுதான்" என்று சிரித்துக்கொண்டே ஒரு கையைப் பற்றினார். முதியவரை அழைத்தனர். அவர் குடையை மரத்தடியில் சாத்தி வைத்தார். துவாயின் ஒரு முனையைத் தாம் பிடித்து, மறுமுனையைக் கடைசிச் சிறுமியிடம் நீட்டினார். மரத்தின் பட்டை யானைத் தோல்போல் சொரசொரத்திருப்பதாகச் சிறுவர் கூவினர்.

அதற்குள் தென்கரையில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கின. 2020இல் இயங்கத் தொடங்கிய தம்பபவனி நிலையத்தின் 30 காற்றாலைகள் அவை. மேலும் காற்றாலைகள் வேண்டாம், தீவின் மணலையும் தோண்ட வேண்டாம் என்று மன்னார் மக்கள் 2025இல் தெருவில் இறங்கினர். காற்று எங்களதுதான், வெளிச்சம் யாருக்கு என்று வலைக்காரர் கேட்டார். பிள்ளைகளுக்கு அது புரிந்ததோ இல்லையோ, ஆசிரியர் தலையசைத்தார்.

பேருந்து வந்து நின்றது. முதியவர் ஆளுக்கொரு பனங்கட்டித் துண்டு கொடுத்தார். வண்டி கோட்டையைக் கடந்தபோது மதில் இருளில் கறுத்த கோடாகத் தெரிந்தது. தாம்போதியில் இருபுறமும் நீர் தெரியவில்லை, அதன் மணமே வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அச்சிறுமி ஓட்டுநரிடம் சென்று, மாத்தளைக்கு இன்னும் எத்தனை மைல் என்று கேட்டாள். அவர் கிலோமீற்றரில் சொன்னார். அவள் இருக்கைக்குத் திரும்பி, சாளரக் கண்ணாடியில் நெற்றியை வைத்து, வழியோரத்துக் கற்களை எண்ணத் தொடங்கினாள். மதவாச்சிக்கு முன்பே உறங்கிவிட்டாள்.